ஈயத்தின் இடத்தில் பிஸ்மத்: எங்கே ஏற்கலாம், எங்கே தவிர்க்கலாம்

ஈயத்தை விலக்குவது என்று முடிவு செய்தவர்களுக்கு அடுத்து எழும் கேள்வி, அதன் இடத்தில் எதை வைப்பது என்பதுதான். தூண்டிலில் கட்டும் எடைக்குண்டு, மின்னணுச் சுற்றுப்பலகை, தண்ணீர்க் குழாய், எக்ஸ்ரே அறையின் மேலங்கி என்று எதை எடுத்தாலும் மாற்றுகளின் வரிசையில் பிஸ்மத் வந்து நிற்கிறது. தனிம வரிசை அட்டவணையில் ஈயத்தின் எண் 82, பிஸ்மத்தின் எண் 83. கனமானது, எளிதில் உருகுவது, கன உலோகங்களுக்குள் நச்சுத்தன்மை மிகக் குறைந்தது. 1753-இல் பிரெஞ்சு வேதியியலர் குளோட் பிரான்சுவா ஜியோஃப்ராய் இவை இரண்டும் வெவ்வேறு உலோகங்கள் என்று எடுத்துக்காட்டும் வரை, பிஸ்மத்தை ஈயத்தின் ஒரு வகை என்றே பலர் எண்ணியிருந்தார்கள். அந்தப் பழைய எண்ணம் இன்னும் முழுதாக மறையவில்லை. ‘ஈயம் போன்றது, ஆனால் விஷமில்லாதது’ என்று நினைத்து பிஸ்மத்தை வாங்குபவர்கள் பல இடங்களில் ஏமாந்துபோவார்கள். ஈயத்திடம் இல்லாத, பிஸ்மத்துக்கே உரிய குணம் ஒன்று தேவைப்படும் இடத்தில்தான் அது சரியான தேர்வு என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் குணங்கள் எவை என்று முதலில் பார்த்துவிடுவோம். பிஸ்மத் 271 டிகிரி செல்சியஸில் உருகும். ஈயத்துக்கு 327 டிகிரி வேண்டும். பெரும்பாலான உலோகங்கள் உறையும்போது சுருங்கும். பிஸ்மத் சுமார் 3.3% விரியும். காந்தத்தை விலக்கும் டயாகாந்தத் தன்மை உலோகங்களிலேயே இதற்குத்தான் அதிகம். வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தமானது, ஈயத்தின் கால் பங்குகூட வராது. சுத்தியலால் தட்டினால் ஈயம் தட்டையாகும், பிஸ்மத் நொறுங்கும். இந்த நொறுங்கும் தன்மையைத்தான் வாங்குபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். பிஸ்மத் கதிரியக்கம் உடையதா என்று அஞ்சுபவர்களும் உண்டு. பிஸ்மத்-209 மிக மெதுவாகச் சிதைகிறது என்பதை 2003-இல் பிரான்சில் அளந்தார்கள். அதன் அரை ஆயுட்காலம் பிரபஞ்சத்தின் வயதைப்போல் நூறு கோடி மடங்குக்கும் மேல். எந்தப் பயன்பாட்டு முடிவிலும் இதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

கணக்கில் எடுக்க வேண்டியது வேறொன்று: வரத்து. பிஸ்மத்துக்கென்றே தோண்டப்படும் சுரங்கங்கள் மிகச் சில. பெரும்பகுதி, ஈயத்தைச் சுத்திகரிக்கும்போது ஒதுங்கும் துணைப்பொருளாகவும், டங்ஸ்டன் தாதுவோடு சேர்ந்தும் கிடைக்கிறது. உருகிய ஈயத்தில் கால்சியமும் மக்னீசியமும் சேர்த்தால் அவை பிஸ்மத்தைப் பற்றிக்கொண்டு மேலே மிதக்கும், அதை வழித்தெடுப்பார்கள். ஆக, ஈயத்துக்கு மாற்றாகச் சொல்லப்படும் பொருளே ஈய உற்பத்தியை நம்பியிருக்கிறது. உலகில் ஆண்டுதோறும் சுத்திகரிக்கப்படும் ஈயம் ஒரு கோடி டன்னுக்கும் மேல். பிஸ்மத் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 டன். அதிலும் பெரும்பங்கு சீனாவில் உற்பத்தியாகிறது. 2025 பிப்ரவரியில் சீனா பிஸ்மத், டங்ஸ்டன், டெலூரியம், இண்டியம், மாலிப்டினம் தொடர்பான பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, வெளிச்சந்தையில் பிஸ்மத்தின் விலை பல மடங்கு ஏறியது. ஈயம் இருந்த இடத்திலெல்லாம் பிஸ்மத்தை நிரப்புவது அளவுக்கணக்கிலேயே நடக்காத காரியம். இருக்கும் சிறிதளவை எங்கே செலவிடுவது என்பதுதான் உண்மையான கேள்வி.

எடைக்காக மட்டும் என்றால்

அடர்த்தியில் தொடங்கலாம். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.34 கிராம், பிஸ்மத் 9.78, இரும்பு எஃகு சுமார் 7.85, வெள்ளீயம் 7.3, டங்ஸ்டன் 19.25. அதே எடையைப் பெற பிஸ்மத்தில் 16% கூடுதல் பருமன் போதும். எஃகுக்கு 44%, வெள்ளீயத்துக்கு 55% கூடுதல் வேண்டும். டங்ஸ்டன் ஈயத்தைவிடச் சிறியதாகவே அமையும்.

இந்த எண்களைப் பார்த்ததும் பிஸ்மத்தே நல்லது என்று தோன்றும். தூண்டில் எடைக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நரம்பில் பொருத்தும் பிளந்த குண்டு, பல்லாலோ இடுக்கியாலோ அழுத்தும்போது வளைய வேண்டும். வெள்ளீயம் வளையும், பிஸ்மத் விரிசல் விடும். எனவே சிறு குண்டுகளுக்கு வெள்ளீயமே மேல். ஆழத்தில் வேகமாக இறங்க வேண்டிய சிறிய எடைக்கு டங்ஸ்டன். தரையில் உரசி இழக்கப்போகும் பெரிய எடைக்கு எஃகு போதும். வீட்டிலேயே அச்சில் வார்க்க விரும்புபவருக்கு மட்டும் பிஸ்மத் வசதியானது. அடுப்பின் சூட்டிலேயே உருகும். டங்ஸ்டனை அப்படி நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

வேட்டைத் துப்பாக்கி ரவைகளின் கதை வேறு. நீர்ப்பறவைகள் ஈய ரவைகளை விழுங்கி மடிந்ததால் அமெரிக்கா 1991-இல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு அவற்றைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈரநிலங்களில் 2023 பிப்ரவரி முதல் தடை. அங்கே எஃகுதான் மலிவான மாற்று. ஆனால் எஃகு ரவை கடினமானது, பழைய துப்பாக்கிகளின் மெல்லிய குழலைச் சேதப்படுத்தக்கூடியது. பிஸ்மத்தில் சிறிதளவு வெள்ளீயம் கலந்து நொறுங்குவதைக் குறைத்து வார்க்கும் ரவை, பழைய குழலுக்கும் பொருந்தும். புதிய துப்பாக்கிக்கு எஃகு, பழையதற்கு பிஸ்மத் என்ற பிரிவினை எனக்கு நியாயமாகப் படுகிறது.

சால்டரில்

மின்னணு உறுப்புகளைப் பலகையோடு உருக்கி ஒட்டும் உலோகக் கலவைதான் சால்டர். பிஸ்மத்தின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரியும் துறை இது. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அதுவரை பழகிய சால்டர் 63% வெள்ளீயமும் 37% ஈயமும் கலந்தது. 183 டிகிரியில் உருகும். அதற்கு மாற்றாகப் பரவலானது வெள்ளீயம், வெள்ளி, செம்பு மூன்றும் சேர்ந்த கலவை. அது உருக 217 முதல் 220 டிகிரி வேண்டும். உலைக்குள் பலகை ஏறத்தாழ 240 டிகிரி வரை போக நேர்கிறது. மெல்லிய சிப்புகள் அந்தச் சூட்டில் வளைகின்றன, பிளாஸ்டிக் இணைப்பான்கள் உருக்குலைகின்றன.

58% பிஸ்மத், 42% வெள்ளீயம் கலந்த சால்டர் 138 டிகிரியிலேயே உருகிவிடும். உலையின் உச்சச் சூட்டை ஐம்பது, அறுபது டிகிரி குறைக்கலாம். மின்செலவு குறையும், பலகை வளையாது, சூடு தாங்காத உறுப்புகள் தப்பும். எல்.இ.டி. பட்டைகளிலும் மலிவான நுகர்பொருள் பலகைகளிலும் இது இடம்பிடித்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் இந்த இணைப்பு விறைப்பானது. மெதுவாக இழுத்தால் நன்றாகத் தாங்கும். கீழே விழும்போது ஏற்படும் திடீர் அதிர்ச்சியில் உடையும். கையில் தூக்கிச் செல்லும் கருவிக்கு இது சிறிய குறையல்ல. 1% அளவில் வெள்ளி சேர்த்தால் நிலைமை ஓரளவு தேறும். இன்னொரு வழி, விகிதத்தைப் புரட்டிப்போடுவது: வெள்ளீயம் மிகுந்த கலவையில் பிஸ்மத்தை 3% அளவில் மட்டும் சேர்ப்பது. அப்போது உருகுநிலை பெரிதாக இறங்காது. ஆனால் பிஸ்மத் அணுக்கள் வெள்ளீயத்துக்குள் கரைந்து அதை உறுதியாக்குகின்றன. வாகன மின்னணுவில் இத்தகைய கலவைகள் புழங்குகின்றன. ஒரே உலோகம் 58% இருக்கும்போது ஒரு வேலையையும் 3% இருக்கும்போது முற்றிலும் வேறொரு வேலையையும் செய்வது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் விஷயம்.

பழைய பலகையைப் பழுதுபார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பிஸ்மத் மிகுந்த சால்டரைப் பழைய ஈயச் சால்டர் படிந்த இடத்தில் வைக்கவே கூடாது. வெள்ளீயம், ஈயம், பிஸ்மத் மூன்றும் சேர்ந்தால் 96 டிகிரியிலேயே உருகும் ஒரு பகுதி இணைப்புக்குள் உருவாகிவிடும். பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும் அந்த இணைப்பு, கருவி சூடேறியதும் நெகிழ்ந்துபோகும். இதே குணத்தை நன்மைக்கும் பயன்படுத்துகிறார்கள். பல கால்கள் கொண்ட சிப்பைக் கழற்ற, பிஸ்மத் கலந்த கழற்றுச் சால்டரை அதன் கால்களில் பூசினால் எல்லாம் நெடுநேரம் உருகிய நிலையிலேயே இருக்கும். சிப்பை நோகாமல் எடுத்துவிடலாம். அதன் பிறகு மிச்சத்தை ஒட்ட வழித்தெடுத்துவிட்டுத்தான் புதுச் சால்டர் வைக்க வேண்டும்.

ஆக, வேலை செய்யும் இடத்தில் 100 டிகிரியை நெருங்காத, கீழே விழ வாய்ப்பில்லாத, புதிதாகச் செய்யப்படும் பலகை என்றால் பிஸ்மத் சால்டரைத் தயங்காமல் எடுக்கலாம். இம்மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலவையே பாதுகாப்பு.

பித்தளைக் குழாயில்

குடிநீர்க் குழாய்களும் வால்வுகளும் செய்யும் பித்தளையில் 2, 3 விழுக்காடு ஈயம் சேர்ப்பது நெடுங்கால வழக்கம். செம்பிலும் துத்தநாகத்திலும் ஈயம் கரையாது. நுண்ணிய துளிகளாகத் தனித்து நிற்கும். கடைசல் எந்திரத்தில் வெட்டும்போது சீவல்கள் நீளமாகச் சுருளாமல் அந்தத் துளிகளில் அறுந்து பொடியாக உதிரும். வெட்டும் கருவியும் தேயாது. குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: அந்த ஈயம் மெல்ல மெல்லக் குடிநீரில் இறங்குகிறது. அமெரிக்காவில் 2014 ஜனவரி முதல், குடிநீர் தொடும் பரப்புகளில் சராசரி ஈய அளவு 0.25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

பிஸ்மத்தும் செம்பில் கரையாது, அதுவும் துளிகளாக நின்று சீவலை அறுக்கும். இதனால் பிஸ்மத் பித்தளை ஈயப் பித்தளையைப் போலவே எளிதாகக் கடையப்படும். ஆனால் செம்பில் மிகச் சிறிதளவு பிஸ்மத் கலந்தாலே அது நொறுங்கும் என்பது செம்பு உருக்குபவர்கள் நெடுங்காலமாக அறிந்தது. காரணம், பிஸ்மத் எப்போதும் துளியாகவே நிற்பதில்லை. உலோகத் துகள்களின் எல்லையெங்கும் மெல்லிய படலமாகப் பரவிவிடக்கூடியது. சூட்டில் அடித்து உருவாக்கும்போது அந்த எல்லைகளில் விரிசல் விடும். இதைத் தடுக்க செலினியம் போன்றவற்றைச் சேர்த்துப் படலத்தைத் துளியாக்குகிறார்கள். அது பலனளிக்கிறது, ஆனால் வார்ப்பவரின் கவனத்தை அதிகம் கேட்கும் கலவை அது.

எதிரில் நிற்பது சிலிக்கான் பித்தளை. வலிமை அதிகம், பிஸ்மத்தின் விலையேற்றமும் வரத்துச் சிக்கலும் அதற்கு இல்லை. ஆனால் கடினமானது, வெட்டுக் கருவிகளை விரைவில் தேய்க்கும்.

இங்கே என் முடிவைத் தீர்மானிப்பது கடைசல் பட்டறை அல்ல, கழிவுக் கிடங்கு. பித்தளை திரும்பத் திரும்ப உருக்கப்படும் உலோகம். பிஸ்மத் பித்தளைச் சீவல் சாதாரணப் பித்தளைக் கழிவோடு கலந்துவிட்டால், அடுத்து வார்க்கப்படும் தொகுதி முழுதும் சூட்டில் விரிசல் விடக்கூடும். கழிவுகளைக் கறாராகப் பிரித்து வைக்கும் தொழிற்சாலை மட்டுமே பிஸ்மத் பித்தளையை எடுக்கலாம். அதிகக் கடைசல் தேவைப்படாத உறுப்பை ஈயமும் பிஸ்மத்தும் இல்லாத எளிய பித்தளையிலோ துருவேறா எஃகிலோ செய்துவிடுவது நல்லது. சிலிக்கான் பித்தளையையும் தனியே வைக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டில் ஒன்று என்றால் நான் அதன் பக்கமே சாய்வேன்.

உருகுவதற்காகவே

குறைந்த சூட்டில் உருக வேண்டும் என்பதே நோக்கமானால் பிஸ்மத்துக்குப் போட்டி அநேகமாக இல்லை. பாதி பிஸ்மத்தும், மீதி ஈயம், வெள்ளீயம், காட்மியமும் கலந்த வுட் உலோகம் 70 டிகிரியில், அதாவது கொதிக்காத வெந்நீரிலேயே உருகும். தீயணைப்புத் தெளிப்பானில் நீரை அடைத்து வைத்திருக்கும் இணைப்பு இந்த வகைக் கலவையால் ஆனது. திரவம் நிரம்பிய சிறு கண்ணாடிக் குமிழ் உடைந்து திறக்கும் தெளிப்பானும் உண்டு. இரண்டும் நம்பகமானவை, தேர்வு பெரும்பாலும் விலையையும் இடத்தையும் பொறுத்தது.

மெல்லிய சுவர் கொண்ட குழாயை நசுங்காமல் வளைக்க மணல் நிரப்புவது பழைய முறை. வளைவு அகலமாக இருந்தால் மணலே போதும். இறுக்கமான வளைவென்றால் உள்ளே எண்ணெய் தடவி, இந்தக் கலவையை ஊற்றி உறையவைத்து வளைத்து, பிறகு வெந்நீரில் உருக்கி வெளியேற்றலாம். பிஸ்மத்தின் விரியும் குணத்தால் கலவை சுருங்காமல் மூலை முடுக்கெல்லாம் நிரப்பி நிற்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பிஸ்மத் கலவை என்ற பெயரில் வரும் இவற்றில் ஈயமும் காட்மியமும் இருக்கின்றன. அவை இல்லாமல் வேண்டுமென்றால் பிஸ்மத், இண்டியம், வெள்ளீயம் மூன்றும் கலந்த ஃபீல்ட் உலோகம் இருக்கிறது. 62 டிகிரியில் உருகும். இண்டியத்தால் விலை கூடும், ஆனால் கையால் தொட்டுப் பழகும் இடத்தில் அந்த விலையைக் கொடுப்பதே சரி.

கதிர்வீச்சின் முன்

எக்ஸ்ரேயைத் தடுப்பதில் பிஸ்மத் ஈயத்துக்கு நிகரானது. அணு எண் ஒன்றுதானே வேறுபாடு. பிஸ்மத்தும் ஆன்டிமனியும் கலந்த மேலங்கிகள் எடை குறைவு என்று விற்கப்படுகின்றன. நாள் முழுதும் அணிந்து நிற்கும் மருத்துவப் பணியாளரின் தோளுக்கும் முதுகுக்கும் எடை முக்கியம், எனவே இதை நான் வரவேற்கிறேன். ஆனால் ‘0.5 மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமம்’ என்று எழுதியிருப்பது எந்த எக்ஸ்ரே மின்னழுத்தத்தில் அளந்தது என்று கேட்டே வாங்க வேண்டும். ஓர் ஆற்றலில் சமமாக இருப்பது இன்னோர் ஆற்றலில் குறையலாம். சுவருக்குள் புதைக்கும் தடுப்புக்கோ எடை ஒரு பொருட்டல்ல, யாரும் அதைத் தொடுவதுமில்லை. அங்கே ஈயமே இருக்கட்டும்.

சி.டி. ஸ்கேனில் மார்பு, கண் ஆகியவற்றின் மேல் வைக்கும் பிஸ்மத் தகடு பற்றி என் கருத்து எதிர்மறையானது. அது மேலிருந்து வரும் கதிரைக் குறைப்பது உண்மை. ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து உடலை ஊடுருவி வரும், படத்துக்குப் பயன்பட வேண்டிய கதிரையும் தடுத்து வீணாக்குகிறது; படமும் கெடுகிறது. எக்ஸ்ரே குழாயின் மின்னோட்டத்தைக் குறைத்தே அதே அளவு பாதுகாப்பைப் பெறலாம் என்பதால், அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2012-இல் மாற்று வழிகளைப் பரிந்துரைத்தது.

கதிர்களைக் கண்டறிவதில், அவை பட்டால் ஒளிரும் பிஸ்மத் ஜெர்மனேட் படிகம் ஒருகாலத்தில் தன்னிகரற்றது. ஐரோப்பாவின் அணுத்துகள் ஆய்வகமான செர்னின் எல்-3 கருவியில் ஏறத்தாழ 11,000 படிகங்கள் இருந்தன. பெட் ஸ்கேன் கருவிகளிலும் இதுவே கோலோச்சியது. இதன் ஒளிர்வு அடங்க சுமார் 300 நானோவிநாடி ஆகும். லுட்டீசியம் படிகத்துக்கு 40 போதும். வேகம் வேண்டுமென்றால் லுட்டீசியம், தடுத்து நிறுத்தும் திறன் குறைந்த செலவில் வேண்டுமென்றால் பிஸ்மத்.

குளிரூட்டுவதில் ஒரு சொல் போதும். பிஸ்மத் டெலூரைடால் ஆன, மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தகடு அசையும் பாகமின்றி, சத்தமின்றிக் குளிர்விக்கும். லேசர் டயோடு போன்ற சிறு புள்ளியை நுட்பமாக ஒரே வெப்பநிலையில் நிறுத்த அதுவே சிறந்தது. ஒரு பெட்டி முழுவதையும் குளிர்விக்க கம்ப்ரசர்தான். பெல்டியர் அதே வேலைக்குப் பல மடங்கு மின்சாரம் குடிக்கும்.

அணு உலைக்கான குளிர்விப்பானாகவும் பிஸ்மத் பேசப்படுகிறது. ஈயமும் பிஸ்மத்தும் கலந்த திரவம் 125 டிகிரியில் உருகும். சோவியத் யூனியனின் ஆல்ஃபா வகை நீர்மூழ்கிக் கப்பல்களின் உலைகள் இதால்தான் குளிர்விக்கப்பட்டன. சோடியம் இன்னும் குறைந்த சூட்டில் உருகும், ஆனால் தண்ணீர் பட்டால் தீப்பற்றும். தனி ஈயம் எரியாது, ஆனால் 327 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். இடைப்பட்டதாகத் தோன்றும் பிஸ்மத் கலவைக்குத் தனி விலை உண்டு: நியூட்ரானை உள்வாங்கும் பிஸ்மத் பொலோனியம்-210 ஆக மாறுகிறது. கடும் ஆல்ஃபா கதிர்வீச்சுள்ள அந்தப் பொருள் கசிந்தால் பராமரிப்புப் பணியே ஆபத்தாகிவிடும். நிலத்தில் கட்டும் பெரிய உலைக்கு, உறையும் சிரமத்தைப் பொறுத்துக்கொண்டு தனி ஈயத்தை எடுப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

வண்ணத்தில் முடிவெடுப்பது எளிது. ஈயக் குரோமேட் மஞ்சளுக்குப் பதிலாக பிஸ்மத் வனடேட் மஞ்சள்: பளிச்சென்றது, வெயிலைத் தாங்குவது. விலை அதிகம் என்பதைத் தவிர அதைத் தவிர்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை. முகப்பூச்சுப் பொடிகளில் முத்துப்போன்ற மினுமினுப்புக்கு பிஸ்மத் ஆக்சிகுளோரைடு சேர்க்கிறார்கள். சிலருக்கு அரிப்பு ஏற்படும், அவர்கள் மைக்கா உள்ளதை எடுக்கலாம்.

வயிற்றுக்குள்

பிஸ்மத் சப்சாலிசிலேட் அஜீரணத்துக்கும் வயிற்றுப்போக்குக்கும் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பழகிய மருந்து. உண்டபின் நாக்கும் மலமும் கறுப்பது பிஸ்மத் சல்ஃபைடால். அது தானே மறையும். ஆனால் இது ஆஸ்பிரினின் உறவு. ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும், காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்கும் ஆகாது. அமிலத்தால் வரும் நெஞ்செரிச்சலுக்கு வேறு மருந்துகள் இதைவிடப் பொருத்தமானவை. பிஸ்மத்துக்கு மாற்றில்லாத இடம், வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி. கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி பல இடங்களில் அந்தக் கிருமியிடம் தோற்றுவரும் நிலையில், பிஸ்மத்தோடு இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளும் ஓர் அமிலக் குறைப்பு மருந்தும் சேர்ந்த நால்மருந்து முறையைத்தான் மருத்துவர்கள் முதலில் நாடுகிறார்கள். மருத்துவர் சொன்ன நாள்களுக்கு மேல் நீட்டிக்கக் கூடாது. 1970-களில் பிரான்சில் பிஸ்மத் உப்புகளைத் தொடர்ந்து உண்ட நூற்றுக்கணக்கானோர் மூளைப் பாதிப்புக்கு உள்ளானார்கள். நஞ்சு குறைந்தது என்பதற்கு எல்லை உண்டு.

வகுப்பறையில் காட்டவென்று வாங்குபவர்களும் இருக்கிறார்கள். காந்தத்தின் மேல் ஒரு பொருள் மிதப்பதைக் காட்ட வேண்டுமானால் பிஸ்மத்தைவிட பைரோலிட்டிக் கிராஃபைட் தகடு நல்லது. டயாகாந்தத் தன்மை அதில் வலுவாகவும் எடை மிகக் குறைவாகவும் இருப்பதால், நியோடிமியம் காந்தங்களின் மேல் தானே மிதக்கும். பிஸ்மத்தை இரண்டு கட்டிகளாக வைத்து அவற்றுக்கு நடுவே ஒரு சிறு காந்தத்தை நிலைநிறுத்தலாம். ஆனால் அதற்கு மேலே இன்னொரு காந்தம் தூக்கிப்பிடிக்க வேண்டும், பொறுமையும் வேண்டும். உலோகம் படிகமாகும் விதத்தைக் காட்ட வேண்டுமானால் பிஸ்மத்துக்கு நிகர் எதுவுமில்லை. உருக்கி, மெல்ல ஆறவிட்டு, பாதி உறைந்ததும் மீதித் திரவத்தைக் கவிழ்த்தால், படிக்கட்டுகளாக அடுக்கிய சதுரப் படிகங்கள் நிற்கும். மேலே படியும் ஆக்சைடுப் படலத்தின் தடிமனுக்கேற்ப ஊதா, பொன், பச்சை என்று நிறம் மாறும். பாத்திரத்தில் துளி ஈரமும் இருக்கக் கூடாது, நீராவி உலோகத்தைத் தெறிக்கச் செய்யும். அந்தப் பாத்திரத்தில் பிறகு சமைக்கவும் கூடாது. வாங்கும்போது 99.9 விழுக்காட்டுக்குக் குறையாத தூய்மை கேட்டு வாங்குங்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த மலிவான கட்டிகளில் படிகம் ஒழுங்காக வளராது.